சுவடியும் சுண்டெலியும்

பழைமை என்றவுடன் கைகூப்புவோர் ஒரு சாராரும், நகைப்போர் மற்றொரு சாராருமாக மாணவருலகம் பிரிந்து நிற்றலை யாவரும் அறிவர். சீனத்து மூலிகைகள் சோதனைச்சாலையிற்பட்ட பாடு இவ்விரு சாரார்க்கும் ஒருங்கே அறிவுறுத்துவதொன்று உண்டென்பது எம் கருத்து.

1967-ஆம் ஆண்டில் மலேரியாச் சுரத்திற்குப் புதுமருந்து காணும் பணியைச் சீன அரசாங்கம் தொடங்கிற்று. 1969-இல் அப்பணியிற் சேர்ந்த தூ யூயூ என்னும் அம்மையார் பழைய வைத்திய நூல்களை ஆராய்ந்து, சிங்ஹாவ் என்னும் பூண்டைத் தேர்ந்தார். ஆயினும், அதன் சாரம் நோயுற்ற சுண்டெலிகளிடத்து நிலையான பயன் தரவில்லை. அவர் மீண்டும் கி. பி. 4-ஆம் நூற்றாண்டினரான கே ஹோங் என்பாரது கைந்நூலை நோக்கினார். பூண்டை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பருகுக என்றிருந்ததேயன்றிக் காய்ச்சுக என்றில்லை. வெப்பமே மருந்தைக் கெடுக்கின்றது போலும் என ஐயுற்ற அம்மையார், உடற்சூட்டினும் சற்றுக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஈதரைக்கொண்டு சாரம் எடுத்தார். 1971 அக்டோபரில் அச்சாரம் சுண்டெலிகளின் குருதியிலிருந்த நோய்க்கிருமிகளை முற்றும் ஒழித்தது. பின்னர்க் குரங்குகளிடத்தும் அவ்வாறே ஆயிற்று. 1972-இல் அம்மையாரும் தோழர் இருவரும் தாமே உண்டு பார்த்த பின்னரே நோயாளர்க்கு அதனை அளித்தனர். ஆர்ட்டெமிசினின் எனப்படும் அம்மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. 2015-இல் மருத்துவத்திற்குரிய நோபெல் பரிசின் பாதி அவரை அடைந்தது. நூலில் இல்லாத ஒரு சொல்லையும் கவனித்த வாசிப்பன்றோ இதற்கு வித்து! இலக்கியம் பயிலும் எமக்கு இஃது உவகை தருகின்றது.

எனினும், பழையனவெல்லாம் நல்லனவென்று துள்ளுதல் வேண்டா. அரிஸ்டலோக்கியா இனத்துச் செடிகளும் சீன வைத்தியத்தில் வழங்கியனவே. அவற்றிலுள்ள அமிலம் எலிகளுக்குப் புற்றுநோய் விளைத்தமை 1982-இலேயே வெளியாயிற்று. அச்சான்றைப் பலரும் பொருட்படுத்தவில்லை. பத்தாண்டு கழிந்து, பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிய மருந்துண்ட மகளிர்க்கு, வேறொரு மூலிகைக்கு மாறாக அவ்வினச் செடி சேர்ந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் பழுதுற்றனர். சிலர்க்குப் பின்னர்ப் புற்றுநோயும் கண்டது.

எலியைக் காத்தது மனிதரையும் காக்கும் என்னும் உறுதியில்லை. ஆயினும், எலியைக் கொன்றது மனிதரை ஒன்றுஞ் செய்யாதெனத் துணிதல் பேதைமை. வாயில்லாச் சிற்றுயிர்கள் தம் உயிரைக் கொடுத்துச் சொல்லும் சான்று அது. அவற்றை வதைப்பதே வருந்தத்தக்கது. வதைத்தபின் அச்சான்றைக் கேளாதொழிதல் இருமடங்கு கொடிது.

ஆதலின், நண்பர்காள்! முன்னோர் நூலைக் கருத்தூன்றிக் கற்போம். கற்றதைச் சோதித்துத் தெளிவோம். சோதனை மறுப்பதை, எத்துணைப் பழையதாயினும், துணிந்து கைவிடுவோம். முன்னோர்க்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.