மூணு மெக்கானிக், மூணு வியாதி, ஒரே கார்

போன பிப்ரவரியில ஒரு நாள் ராத்திரி, லேப் முடிச்சுட்டு வீட்டுக்கு வர்ற வழியில டேஷ்போர்டுல ஆரஞ்சு கலர்ல குட்டியா ஒரு என்ஜின் படம் எரிய ஆரம்பிச்சுது. செக் என்ஜின் லைட். பஃபலோல பிப்ரவரின்னா என்னன்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். பஸ்ஸுக்கு நின்னா காது கழண்டு கையோட வந்துரும். அந்தக் கொடுமை தாங்காமத்தான் டிசம்பர்ல, படிப்பு முடிச்சுட்டு டெக்சாஸ் கிளம்பின ஒரு சீனியர் அண்ணன்கிட்ட இருந்து அவரோட 2009 மாடல் காரை 3,800 டாலருக்கு வாங்கினேன். கையில இருந்த மொத்த சேமிப்பும் அதுல காலி.

மறுநாள் உதிரிபாகக் கடைக்கு ஓடினேன். அங்க ஓசியிலயே ஸ்கேன் பண்ணிச் சொல்லுவாங்க. வந்த கோட் பி0420. அதாவது, புகையைச் சுத்தப்படுத்துற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலைன்னு கம்ப்யூட்டருக்குச் சந்தேகம். 'சந்தேகம்'ங்கிற அந்த வார்த்தையை ஞாபகத்துல வச்சுக்கோங்க மக்கா, பின்னாடி வேணும்.

முதல் மெக்கானிக், பளபளன்னு இருந்த ஒரு பெரிய ஷாப். சீட்டைப் பாத்தார், "கன்வெர்ட்டர் போச்சு, 1,900 டாலர்"னார். கார் விலையில பாதி! ரெண்டாவது, சின்ன கராஜ். "அதெல்லாம் இல்ல, பின்னாடி இருக்குற ஆக்சிஜன் சென்சார்தான் போயிருக்கும், 340 குடு"ன்னார். ரெண்டு பேருமே காரைத் தூக்கிக் கீழ பாக்கல.

ரூம்ல அன்னிக்கு ராத்திரி பட்டிமன்றம். ஒருத்தன், ரெண்டு பேருமே திருடனுங்கன்னான். இன்னொருத்தன், இன்னும் ஒரு ஆள்கிட்ட கேட்டுட்டு மெஜாரிட்டி என்னவோ அதைச் செய்யின்னான். மூணாவது ஆள் பயங்கர புத்திசாலி. "இருபது டாலருக்கு ஸ்கேனர் வாங்கி கோடை அழிச்சுட்டு இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போ மச்சி"ன்னான். நியூயார்க் மாநிலத்துல வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு, இந்த லைட் எரிஞ்சா பெயில். ஆனா கோடை அழிச்சா, வண்டி தன்னைத்தானே சோதிச்சு வச்சிருக்குற குறிப்பும் சேர்ந்து அழிஞ்சுரும். இவன் இப்பத்தான் அழிச்சுட்டு வந்திருக்கான்னு அங்க இருக்குற மெஷினே காட்டிக் குடுத்துரும். அந்தத் தில்லாலங்கடி வேகாது.

இதுக்கு நடுவுல நான் ஒரு அசிங்கமான வேலை பண்ணினேன். முதல் மெக்கானிக் சொன்ன 1,900 மண்டைக்குள்ள ஏறி, சீனியருக்கு மெசேஜ் தட்டினேன். "தெரிஞ்சேதானே அண்ணா என் தலையில கட்டிட்டீங்க?"ன்னு. அவர் சண்டையே போடல. மறுநாள் 300 டாலர் அனுப்பிட்டு, "எனக்குத் தெரிஞ்சு வண்டி நல்லாத்தாண்டா இருந்துச்சு தம்பி. இப்போதைக்கு இவ்வளவுதான் முடியும்"னு எழுதியிருந்தார். ஓபிடியில வேலை தேடிட்டு இருக்குற மனுஷன். வேலையில்லாம மொத்தம் 90 நாள்தான் இருக்க முடியும், அதுல பாதிக்கு மேல ஓடியிருந்துச்சு. நான் அந்தக் காசை வாங்கி வச்சுக்கிட்டேன்.

ரூம்மேட்டோட சொந்தக்காரர் ஒருத்தர் ஸ்கார்பரோல கராஜ் வச்சிருந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர்கிட்ட போன்ல ஒப்பாரி வச்சேன். பொறுமையாக் கேட்டுட்டு, "தம்பி, கோட் எண்டது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் எண்டு சொன்னா என்ன வருத்தம் எண்டு தெரியுமோ? அவையள் என்னத்தைச் சோதிச்சுப் பாத்துச் சொன்னவை எண்டு கேட்டனீங்களோ?"ன்னார்.

கேக்கலையே! ரெண்டு இடத்துலயும் நான் கேட்ட ஒரே கேள்வி "எவ்ளோ ஆகும்?"ங்கிறதுதான்.

விஷயம் இதுதான். கன்வெர்ட்டருக்கு முன்னாடி ஒரு சென்சார், பின்னாடி ஒரு சென்சார். முன்னாடி இருக்குறது மேலயும் கீழயும் ஆடிட்டே இருக்கும். கன்வெர்ட்டர் நல்லா இருந்தா பின்னாடி இருக்குறது பெருசா ஆடாது. அதுவும் சேர்ந்து ஆட ஆரம்பிச்சா கம்ப்யூட்டர் கன்வெர்ட்டரைச் சந்தேகப்படும். ஆனா கன்வெர்ட்டர் நிஜமாவே செத்தாலும் அப்படி ஆடலாம், சென்சார் கெட்டாலும் ஆடலாம், நடுவுல குழாய் ஓட்டையாகி வெளிக்காத்து உள்ள புகுந்தாலும் ஆடலாம். ஆக, ரெண்டு மெக்கானிக்கும் பொய் சொல்லல. ஆளுக்கு ஒரு யூகம் சொன்னாங்க. அதை நான் தீர்ப்புன்னு எடுத்துக்கிட்டேன்.

மூணாவதா போன கராஜ்ல வாயைத் திறந்ததும் "சோதனைக்கு மட்டும் எவ்வளவு?"ன்னு கேட்டேன். 120 டாலர். காரைத் தூக்கி, சைலன்சர் குழாய்க்குள்ள புகையைச் செலுத்தி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பின்னாடி சென்சாருக்குச் சத்தே முன்னாடி, ஒரு ஜாயிண்ட்ல இருந்து புகை நூல் மாதிரி கசிஞ்சுது. ரோட்டுல பனிக்குப் போடுற உப்பு தின்ன துரு. ஜாயிண்ட் மாத்த 165. மொத்தம் 285 டாலர். லைட் அணைஞ்சுது, மார்ச்ல இன்ஸ்பெக்‌ஷன் பாஸ், இன்னி வரைக்கும் திரும்ப எரியல.

ஏன் எல்லாரும் முதல்லயே இப்படிச் செய்யறதில்ல? இங்க நிறைய ஷாப்புல மெக்கானிக்குக் கூலி, இந்த வேலைக்கு இத்தனை மணி நேரம்னு புத்தகத்துல போட்டிருக்குற கணக்குப்படிதான். பாகம் மாத்துறதுக்குக் கணக்கு சுத்தமா இருக்கு. தலையைச் சொறிஞ்சு யோசிக்கிறதுக்கு அவ்வளவா இல்ல. நம்மளும் சோதனைக்குக் காசு கேட்டா 'பாக்குறதுக்கே காசா'ன்னு அலறுவோம். அப்புறம் அவங்க எதுக்கு யோசிக்கப் போறாங்க?

மதுரையில எங்கப்பா இருபது வருஷமா ஒரே மெக்கானிக்கிட்டதான் ஸ்கூட்டரை விடுறார். இன்னொரு ஆள்கிட்ட கேட்டதே இல்ல. அந்த மெக்கானிக் ராங்கா சொன்னா அடுத்த நாள் டீக்கடையில அப்பா மூஞ்சியில முழிச்சாகணும். அங்க ஆளை நம்பலாம். இங்க நமக்கு எந்த ஆளையும் தெரியாது, வந்து ரெண்டு வருஷத்துல ஊரே மாறிடுவோம். ஆளை நம்ப வழியில்லாத இடத்துல சோதனையைத்தான் நம்பணும். மூணு பேர் மூணு விதமா சொன்னா ஓட்டெடுப்பு நடத்தாதீங்க, ரொம்ப மலிவா சொன்னவன் பின்னாடியும் போகாதீங்க. "எதை வச்சு சொல்றீங்க? எனக்குக் காட்டுங்க"ன்னு கேளுங்க. இந்த மாநிலத்துல வேலை தொடங்கறதுக்கு முன்னாடி எழுத்துல எஸ்டிமேட் கேக்குறதும், கழட்டின பாகத்தைத் திருப்பித் தரணும்னு எழுதிக் குடுத்துக் கேக்குறதும் நம்ம உரிமை. காட்டத் தயாரா இருக்குறவர்கிட்ட வண்டியைக் குடுங்க.

அந்த 300 டாலரை அன்னிக்கு ராத்திரியே சீனியருக்குத் திருப்பி அனுப்பிட்டு போன் பண்ணினேன். "சரி விடுடா, வண்டி ஓடுதுல்ல"ன்னார். அவர் விட்டுட்டார். காருக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அந்த மெசேஜ் தட்டுறதுக்கு முன்னாடி என்னையே கேட்டிருக்கணும். எதை வச்சு அவரைத் திருடன்னு சொன்னேன்?

பி.கு: அவருக்கு ஏப்ரல்ல வேலை கிடைச்சுருச்சு. பார்ட்டி நாந்தான் குடுக்கணுமாம். நியாயம்தானே :-)