கண்ணாடிச் சில்லுகளில் ஒளி



முகம் பார்க்கும் கண்ணாடி கைதவறி விழுந்து நொறுங்கினால் என்ன செய்கிறோம்? பிள்ளைகளின் காலில் குத்திவிடுமே என்று பதறி, சில்லுகளைக் கூட்டியள்ளி, பழைய பத்திரிகையில் சுற்றி எறிந்துவிடுகிறோம். கண்ணாடித் துண்டுகளைக் கொண்டே உலகப் புகழ் பெற்ற ஈரானியப் பெண்மணி ஒருவரை இம்மாதம் அறிந்துகொள்வோம்.

அவர் பெயர் முனீர் ஷாரூதி ஃபர்மான்ஃபர்மாயன். கஸ்வீன் நகரில் பிறந்தவர். 1940களில் நியூயோர்க் சென்று ஓவியம் பயின்று, 1957இல் தாயகம் திரும்பினார்.

ஒருநாள் ஷீராஸ் நகரிலுள்ள ஷாஹ் சிராக் ஸியாரத்துக்குப் போனார். சுவரிலும் முகட்டிலும் ஒரு சாண் இடம் விடாமல் கண்ணாடித் துண்டுகள். மக்கள் நடமாட நடமாட, விளக்கொளியும் ஆடைகளின் நிறமும் ஆயிரம் துண்டுகளாகி ஓடின. அழுதபடியும் துஆக் கேட்டபடியும் நின்றவர்களின் உருவங்கள் அந்த ஒளியில் கலந்திருந்தன. அக்காட்சி அவர் மனதை விட்டு அகலவேயில்லை.

வெனிஸிலிருந்து வந்த பெரிய கண்ணாடிகள் வழியில் உடைந்துபோக, அவற்றை வீச மனமின்றிச் சுவரில் பதித்ததே இக்கலையின் ஆரம்பம் என்பார்கள். தந்தையிடமிருந்து மகன் கற்றுவந்த தொழில் இது. முனீர் அறுகோணங்களைக் கொண்டு வடிவங்கள் வரைந்தார். ஹாஜி உஸ்தாத் முஹம்மத் நவீத் என்ற கைவினைஞர் கண்ணாடியை வெட்டிப் பதித்தார். அப்படைப்புகள் காலை வெயிலுக்கு ஒரு தோற்றமும் மாலை விளக்குக்கு வேறொரு தோற்றமும் காட்டும். முன்னே நிற்பவர் ஓரடி நகர்ந்தாலும் எல்லாம் மாறிவிடும்.

1979இல் ஈரானில் புரட்சி வெடித்தபோது அவர் நியூயோர்க்கில் இருந்தார். ஊர் திரும்ப முடியவில்லை. வீடு, சேகரித்த கலைப்பொருட்கள், படைப்புகளிற் பல, எல்லாம் பறிபோயின. 1991இல் கணவரும் மௌத்தானார். கண்ணாடி வெட்டித் தர அங்கே உஸ்தாத் எவருமில்லை. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. சின்னஞ்சிறு பெட்டிகளில் பழைய புகைப்படங்களையும் நினைவுப் பொருட்களையும் அடுக்கிக் கலையாக்கினார்.

2004இல், எண்பதை எட்டிய வயதில், தெஹ்ரான் திரும்பினார். கைவினைஞர்களைத் தேடிச் சேர்த்து மீண்டும் வேலையைத் தொடங்கினார். 2015இல் நியூயோர்க்கின் குகன்ஹைம் நூதனசாலை அவரது படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. 2017இல் தெஹ்ரானிலேயே அவர் பெயரில் ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. 2019இல் அவர் காலமானார்.

சகோதரிகளே, நாற்பதைத் தாண்டியதுமே "இனி என்னத்தை?" என்று தையல் மெசினை மூடிவைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! இன்று அதை ஒருமுறை திறந்து, தூசி தட்டிப் பாருங்களேன்.