திட்டு வாங்காமல் நர்ஸ் ஆக முடியாதா?

“நாங்க வாங்காத திட்டா? அதையெல்லாம் வாங்கித்தான் இன்னிக்கு இந்த நிலைமைக்கு வந்திருக்கோம்.”

வார்டிலும் வகுப்பிலுமாக இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டேன். டிரெஸ்ஸிங் ரூமில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் மாணவியிடம் இன்சார்ஜ் சிஸ்டர் இதைச் சொல்வார். புகார் சொல்ல வந்தவளிடம் கல்லூரியில் மேடம் சொல்வார். ராத்திரி ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு போன் போட்டால் அம்மாவும் சொல்வார்: “பெரியவங்க நாலு வார்த்தை சொன்னா பொறுத்துக்கோ கண்ணு, உன் நல்லதுக்குத்தானே.” மூவரும் அந்தப் பெண்மீது அக்கறை உள்ளவர்கள்தான். திட்டு வாங்கினால்தான் நர்ஸ் உருவாவாள் என்று மூவரும் மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். அதற்கான விலையைக் கொடுப்பவர் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளி.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடமாக யாரிடமும் சொல்லாதது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் இரண்டாம் வருட மாணவி. ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் போஸ்டிங். அப்போது டிஜிட்டல் கிடையாது. பாதரசம் ஏற்றிய கண்ணாடித் தெர்மாமீட்டர்தான். ஒருவருக்குப் பார்த்து முடித்ததும் துடைத்து, உதறிப் பாதரசத்தைக் கீழே இறக்கி, அடுத்தவருக்கு வைக்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணி டி.பி.ஆர். (காய்ச்சல், நாடி, மூச்சு) எடுத்துக்கொண்டிருந்தேன். உதறும்போது கை இரும்புக் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் பட்டது. ‘டிக்’ என்று ஒரு சத்தம். பாதரசம் சின்னச் சின்ன முத்தாக உருண்டு கட்டிலுக்கு அடியில் ஓடியது.

அந்த வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. தெர்மாமீட்டர் உடைந்தால் காசு கட்ட வேண்டும். காசுகூடப் பெரிதில்லை. மாலை ஹேண்டிங் ஓவர் நேரத்தில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, “இது கைதானா, இல்ல உலக்கையா? உங்கப்பன் சம்பாத்தியமா இது?” என்று கேட்பார்கள். முந்தின வாரம்தான் என் தோழி ஒருத்தி அப்படி நின்றாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். அதே வாரத்தில் ஒரு ஸ்டாஃப் கை தவறி ஒன்றை உடைத்தார். யாரும் வாயே திறக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

கண்ணாடித் துண்டுகளைப் பஞ்சில் சுருட்டிப் போட்டுவிட்டு, மீதமிருந்த பதினோரு பேரின் சார்ட்டையும் உட்கார்ந்து எழுதினேன். 98.4. 98.6. 99. சந்தேகம் வராதபடி கொஞ்சம் ஏற்றி இறக்கி எழுதினேன். ஒருவருக்கும் தெர்மாமீட்டர் வைக்கவில்லை.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் குடல்வால் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். மாலை ஐந்தரை மணிக்கு அவருக்குக் குளிர் நடுக்கம் எடுத்தது. இரண்டு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. மாலை டியூட்டி சிஸ்டர் பார்த்தபோது 103. தையல் போட்ட இடத்தில் சீழ் கோத்திருந்தது. “மத்தியானம் காய்ச்சல் இல்லையா?” என்று கேட்டார் டாக்டர். சிஸ்டர் சார்ட்டை நீட்டினார். நான் எழுதிய 98.6 அதில் இருந்தது. அவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். சரியாகப் பார்த்திருந்தால் மூன்று மணி நேரம் முன்னதாகவே மருந்து போயிருக்குமோ என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது.

என் தப்பை நான் யார்மேலும் தள்ளவில்லை. பொய் எழுதியது என் கை. ஆனால் அந்த வார்டு எனக்குக் கற்றுத்தந்த பாடம் எது என்று பாருங்கள். தெர்மாமீட்டரைப் பத்திரமாகப் பிடிக்க அது கற்றுத்தரவில்லை. உடைந்தால் மறைக்கக் கற்றுத்தந்தது.

அடியாத மாடு படியாது என்பார்கள். மாட்டுக்கு ஒரே வேலை, வண்டியை இழுப்பது. செவிலிக்கு அப்படியா? பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டும். தெரியாததைக் கேட்க வேண்டும். தப்பு நடந்தால் அந்த நிமிடமே ஓடிவந்து சொல்ல வேண்டும். இந்தத் தொழிலின் உயிர் இந்த மூன்றில்தான் இருக்கிறது. பயந்தவளால் இந்த மூன்றும் முடியாது.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை எடுத்துக்கொள்ளுங்கள். டிரிப்ஸில் கலந்து மெதுவாக ஏற்றினால் மருந்து. அப்படியே நரம்பில் நேராகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். பார்வைக்குச் சாதாரணத் தண்ணீர் ஆம்பூல் மாதிரியே இருக்கும். ஆம்பூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவி, “சிஸ்டர், இதை டிரிப்ஸ்ல கலக்கணுமா?” என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு ஓர் உயிரின் மதிப்பு உண்டு. “இதுகூடத் தெரியாம நர்சிங் படிக்க வந்துட்டியா?” என்ற பதிலை ஒருமுறை வாங்கியவள் அடுத்த முறை சிஸ்டரிடம் கேட்க மாட்டாள். பக்கத்தில் நிற்கும் இன்னொரு மாணவியிடம் கேட்பாள். அவளுக்கும் தெரியாது. அவளும் திட்டு வாங்கியவள்தான்.

இது என் அனுபவம் மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளின் வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். செவிலியர் மேலாளர் நன்றாக நடத்தும் வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்திருந்தார். கணக்கு நேர்மாறாக வந்தது. நல்ல வார்டுகளில் பதிவான தவறுகள் அதிகம். பிறகுதான் காரணம் புலப்பட்டது. அங்கே தவறு நடந்தால் வாய்விட்டுச் சொன்னார்கள். பயமுறுத்தி வைத்திருந்த வார்டுகளில் மறைத்தார்கள். “என் வார்டில் ஒரு தப்பும் நடக்காது, அப்படி ஒரு பயம்” என்று பெருமையாகச் சொல்லும் இன்சார்ஜ்களை எனக்குத் தெரியும். அங்கே தப்பு நடக்கிறது. அவர்கள் காதுக்கு வருவதில்லை.

2015இல் இஸ்ரேலில் இன்னொரு சோதனை செய்தார்கள். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை பார்க்கும் டாக்டர்களும் நர்சுகளும் கொண்ட 24 குழுக்கள். பயிற்சிக்காக ஒரு குழந்தையின் நிலைமையைப் பொம்மையில் அமைத்துக் கொடுத்தார்கள். சில குழுக்களிடம் மட்டும், வெளிநாட்டு நிபுணர் என்று அறிமுகமான ஒருவர் அவர்களுடைய திறமையை மட்டம்தட்டி லேசாக இரண்டு வார்த்தை பேசினார். கத்தவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் கைவேலையிலும் பின்தங்கிவிட்டன. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும், உதவி கேட்பதும் குறைந்துபோயின. அவர்கள் வருடக்கணக்கில் அனுபவம் உள்ளவர்கள். முதன்முறை வென்ஃப்ளான் ஊசி போடக் கை நடுங்க நிற்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் பின்னால் நின்று கத்தினால் அவள் கை என்ன ஆகும்?

“அப்போ கண்டிக்கவே கூடாதா? இது உயிர் சம்பந்தப்பட்ட வேலையாச்சே” என்பார்கள். கண்டிக்கத்தான் வேண்டும். கையைக் கழுவாமல் ஸ்டெரைல் டிரேயைத் தொடப் போகிறவளின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, “தொடாதே, போய்க் கழுவிட்டு வா” என்பது கண்டிப்பு. குரல் உயர்ந்தாலும் பரவாயில்லை, அது நோயாளியைக் காக்கிறது. “உங்க வீட்டுல கை கழுவுற பழக்கமே கிடையாதா?” என்று நோயாளியின் சொந்தக்காரர்கள் முன்னால் கேட்பது அவமானப்படுத்துவது. முதலாவதில் பேச்சு கையைப் பற்றியது. இரண்டாவதில் பேச்சு அவள் வீட்டுக்குப் போய்விட்டது. அப்பன், ஆத்தாள், ஊர், சாதி, நிறம் என்று நம் வார்டுகளில் பேச்சு எங்கெல்லாம் போகும் என்பது இதைப் படிக்கும் ஒவ்வொரு நர்சுக்கும் தெரியும்.

“இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு ஒரு சொல் தாங்காது” என்பது அடுத்த வாதம். எந்தக் காலத்துப் பெண்ணுக்கும் தாங்கவில்லை. எங்கள் தலைமுறை பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதது. இவர்கள் வாய்விட்டுச் சொல்கிறார்கள். செவிலியர் தம் குட்டிகளையே தின்கிறார்களா என்று ஜூடித் மெய்ஸ்னர் என்ற நர்சிங் பேராசிரியர் அமெரிக்காவில் 1986லேயே கேட்டு எழுதினார். இன்றைய மாணவிகளில் ஒருத்தியும் அப்போது பிறக்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, திட்டுகிற சிஸ்டரின் பக்கமும் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்.

காலை ஷிஃப்ட். நாற்பது கட்டில், இரண்டு ஸ்டாஃப். ரவுண்ட்ஸ் வருகிறது, தியேட்டருக்கு மூன்று பேரை அனுப்ப வேண்டும், ஸ்டோரில் இன்டென்ட் போட வேண்டும், ஒருவருக்குப் பிளட் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கல்லூரிப் பேருந்திலிருந்து பதினைந்து மாணவிகள் இறங்குகிறார்கள். கூட வந்த சி.ஐ. (வார்டில் கற்றுத்தர வேண்டிய கல்லூரி ஆசிரியர்) அட்டெண்டன்ஸ் எடுத்துவிட்டு இன்னொரு வார்டுக்குப் போய்விடுகிறார். பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்பதெல்லாம் இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. விதி ஆய்வுக்கு வருகிற நாளில் காகிதத்தில் இருக்கும். வந்திருக்கும் பெண்கள் எந்த வருடம், எதுவரை கற்றிருக்கிறார்கள் என்று அந்த ஸ்டாஃபுக்கு யாரும் சொல்வதில்லை. மாணவி மருந்தை மாற்றிப் போட்டால் விளக்கம் எழுதித் தர வேண்டியது அவர். கல்லூரி மருத்துவமனைக்குக் கட்டும் பயிற்சிக் கட்டணத்தில் ஒரு ரூபாய் அவர் கைக்கு வராது.

அவருடைய சம்பளத்தையும் பார்ப்போம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015இல் தமிழக அரசு எடுத்த ஒப்பந்த நர்சுகளுக்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து போராடினார்கள். தனியார் மருத்துவமனை நர்சுகளின் சம்பளத்தைப் பற்றி ஆராய உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவிட, அமைக்கப்பட்ட குழு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதற்குக் கீழே வாங்குகிறவர்கள் இன்றும் எத்தனையோ பேர். டாக்டரிடம் பேச்சு வாங்கி, அட்டெண்டரிடம் பேச்சு வாங்கி, சூப்பரிண்டெண்ட் அறையில் கைகட்டி நின்றுவிட்டு வருகிறவர், தனக்குக் கீழே இருக்கும் ஒரே ஆளைத் திட்டுகிறார். மாணவிக்குக் கீழே யாரும் இல்லை. இதில் அவர் டிப்ளமோ, இவள் பி.எஸ்சி. என்ற புகைச்சல் வேறு. “டிகிரிக்காரி, உனக்குத் தெரியாததா?” என்ற குத்தலில் இருபது வருடத்து வலி இருக்கிறது.

‘திட்டினால்தான் தேறுவாள்’ என்ற நம்பிக்கையை நான் இவ்வளவு வெறுப்பதற்கு இது இன்னொரு காரணம். ஆள் போடாத நிர்வாகத்தை அது காப்பாற்றுகிறது. ஆசிரியர் வைக்காத கல்லூரியை அது காப்பாற்றுகிறது. பற்றாக்குறையால் வருகிற எரிச்சலுக்குப் ‘பயிற்சி’ என்று பெயர் சூட்டிவிட்டால் யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. இரண்டு பெண்கள் முட்டிக்கொள்கிறார்கள், பெண்களே இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

வேறு வழி இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாக 1946இல் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிய இரண்டு இடங்களில் ஒன்று நம் வேலூர் சி.எம்.சி. அங்கே வகுப்பில் பாடம் எடுப்பவர்களுக்கு வார்டிலும் பொறுப்பு உண்டு. பாடம் சொன்னவரே பக்கத்தில் நிற்கும்போது, எது தெரியும், எது தெரியாது என்ற சண்டைக்கே இடமில்லை. எல்லா ஊரிலும் அது நாளையே நடந்துவிடாது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு ஸ்டாஃபுக்கு நோயாளிகளைக் குறைத்துக் கொடுத்து, மாணவிகளை அவரிடம் ஒப்படைத்து, அதற்கென்று கல்லூரிப் பணத்திலிருந்து ஒரு படி கொடுப்பது நாளையே நடக்கக்கூடியது. மருத்துவமனையும் கல்லூரியும் உட்கார்ந்து பேசினால் போதும். அதைக் கேட்டு மாணவியும் சிஸ்டரும் ஒரே பக்கத்தில் நின்றுதான் போராட வேண்டும்.

அதுவரைக்கும், வார்டில் இருக்கும் என் சகோதரிகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்றைக்காவது ஒரு மாணவி முகம் வெளுத்து வந்து நின்று, “சிஸ்டர், தப்பு பண்ணிட்டேன்” என்பாள். உங்களுக்கு ஆத்திரம் வரும், வரட்டும். அதற்கு முன்னால், “பேஷண்ட் இப்ப எப்படி இருக்கார்?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவளோடு அந்தக் கட்டிலுக்குப் போங்கள்.