கோல் அடித்தால்தான் குடிமகனோ?

வெளிநாட்டாரை வரவழைத்துப் பிரெஞ்சு அணியென்று பெயரிடுவது செயற்கையென 1996-ல் பிரான்சின் தேசிய முன்னணித் தலைவர் லெ பென் இகழ்ந்தார். குவாதலூப் தீவிற் பிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் லிலியான் துராமும் அவ்வணியினரே. 142 பந்தயங்களில் பிரான்சுக்காக எதிரிகளைத் தடுத்து நின்ற அவர் அடித்த கோல்கள் இரண்டே. அவ்விரண்டும் 1998 உலகக் கோப்பை அரையிறுதியிற் குரோவேஷியாவை வீழ்த்தின.

இகழ்ச்சிக்குத் தக்க விடையென்று நண்பர்கள் மகிழலாம். நாம் அவ்வளவில் திருப்தியடையோம். அக்கோல்கள் விழாதிருந்தால் அவர் அந்நியராகிவிடுவாரோ? பந்தையே தொட்டறியாத அவரினத்தாரின் கதி யாது? சம உரிமை வெற்றிக்கு அளிக்கும் வெகுமதியன்று. குடிகள் யாவர்க்கும் பொதுச் சொத்து.

2008-ல் ஆட்டத்தினின்று விலகிய துராம், அவ்வாண்டே நிறவெறிக்கெதிராகக் கல்வி புகட்டும் ஸ்தாபனமொன்றை நிறுவினார். மைதானத்துக் காவலினும் இக்காவலே பெரிதென்பது நமது துணிபு.