உடல் இளைக்க நார்ப்பொடி உண்போருக்கு ஒரு விண்ணப்பம்



நீரிழிவும் இரத்தக்கொதிப்பும் வீட்டுக்கு வீடு குடிபுகுந்துவிட்ட இக்காலத்தில், உடல் இளைக்க வேண்டுமென்ற விருப்பம் நியாயமானதே. ஆனால் அவ்விருப்பத்தையே மூலதனமாகக் கொண்டு, பசியை அடக்கும், கொழுப்பைக் கரைக்கும் என்றெல்லாம் விளம்பரம் செய்து விற்கப்படும் நார்ச்சத்துப் பொடிகளையும் மாத்திரைகளையும் யோசனையின்றி உட்கொள்ளும் வழக்கம் பரவிவருவது கண்டு கவலையுற்ற மருத்துவர்களும் செவிலியரும் மருந்துக்கடைக்காரருமாகிய நாங்கள், இவ்விண்ணப்பத்தைத் தங்கள்முன் வைக்கிறோம்.

இவற்றை விஷமென்று நாங்கள் சொல்லவில்லை. இவ்வகை நார்களுள் ஒன்றான, குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் விளையும் இசப்கோல், மலச்சிக்கலுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் ஔஷதம். ஆயினும் அதன் சுபாவத்தைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள்: ஒரு தேக்கரண்டி இசப்கோல் விதையின் உமியைக் கால் டம்ளர் நீரில் கலக்கி வைத்தால், சில நிமிஷங்களில் அது உப்பி, டம்ளரைச் சாய்த்தாலும் சுலபத்தில் வழியாத கூழாகத் திரண்டுவிடும். வயிற்றினுள் இவ்வாறு திரள்வதால்தான் சிறிது நேரம் பசி தணிகிறதேயன்றி, கொழுப்பைக் கரைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. போதிய நீரின்றி விழுங்கினாலோ, அதே கூழ் உணவுக்குழலிலேயே திரண்டு வழியை அடைத்துவிடக்கூடும்.

இது வீண் பயமன்று. நாம் பொரியல் செய்யும் கொத்தவரையின் விதைப்பிசினைக் கொண்டு செய்த 'கால்-பான் 3000' என்னும் இளைப்பு மாத்திரையை அமெரிக்காவில் விழுங்கியவர்களுள் பலருக்கு உணவுக்குழலிலும் சிறுகுடலிலும் அடைப்பு நேர்ந்ததால், 1990-இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அதன் விற்பனைக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. நீரில் உப்பும் பிசின் மருந்துகள் மூச்சடைப்பு அபாயத்தை மேலுறையில் அச்சிட்டே தீரவேண்டுமென்று 1993-இல் விதியும் செய்தது. கொஞ்சாக் கிழங்கின் நாருக்கு எடைக் குறைவில் பங்குண்டு என்று 2010-இல் ஒப்புக்கொண்ட ஐரோப்பிய நிபுணர்களும், ஆகாரத்தைக் குறைத்து, போதிய நீருடன் உண்பவர்க்கே அது பொருந்தும் என்று வரையறுத்தார்கள்.

ஆகவே, இப்பொடியை உண்டுதான் ஆகவேண்டுமெனில், ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீருடன் உட்கார்ந்த நிலையில் உண்ணுங்கள்; படுக்கப்போகும் சமயத்தில் வேண்டாம். வேறு மருந்துகள் உடம்பில் சேராதபடி இது தடுக்கக்கூடுமாதலால், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். விழுங்கச் சிரமப்படும் முதியோர் இதைத் தொடவே வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொள்வோர் வைத்தியரைக் கேளாமல் தொடங்க வேண்டாம். கடைக்காரப் பெருமக்களே, மேலுறையை வாசிக்க இயலாதவருக்குத் தயவுசெய்து வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

நார் வேண்டுமென்று பொடிக்கு ஓடுவானேன்? தீட்டிய அரிசி 100 கிராமில் 3 கிராமுக்கும் குறைவாகவே நார் இருக்க, கேழ்வரகில் ஏறக்குறைய 11 கிராம் உண்டு. கொய்யாவும் கீரையும் முழுப்பயறும் பொடி டப்பாவின் விலையில் பல நாளைக்கு வரும்.

பொடி உண்டபின் நெஞ்சு வலித்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ முடியாமற்போனாலோ, மேலும் தண்ணீர் குடித்து இறக்கப் பார்க்காமல், நடு இரவானாலும் விடியட்டுமென்று காத்திராமல், உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். உண்டது இன்னதென்று காட்ட அந்த டப்பாவையும் கையோடு கொண்டுவாருங்கள்.