பெயர் அறியாத செடியைச் சட்டம் காக்குமா?

நுகேகொடையிலோ வெள்ளவத்தையிலோ அலங்கார மீன் விற்கும் கடைக்குள் நுழைபவர்கள் மீன்களையே பார்க்கின்றனர். தொட்டியின் அடியில் நிற்கும் செடிகளை எவரும் பொருட்படுத்துவதில்லை. அச்செடிகளுள் கிரிப்டோகொரைன் சாதியைச் சேர்ந்தவையும் உண்டு. உலகெங்கும் மீன்தொட்டிகளை அலங்கரிக்கும் வென்டியி, பெக்கெட்டியி, வோக்கெரி ஆகிய இனங்களின் தாயகம் இலங்கையே என்பது நம்மில் பலர் அறியாத செய்தியாகும்.

இவ்வினங்களைப் பிரித்தறிவது எளிதன்று. ஒளிக்கும் நீருக்கும் ஏற்ப ஒரே செடியின் இலை பச்சையாகவும் கபிலமாகவும் மாறும். ஐயமறத் தீர்மானிக்க மலர் வேண்டும். நீரில் மூழ்கி வளரும் செடியோ அரிதாகவே மலரும். பண்ணைகளில் பெருக்கப்படும் இனத்தின் பெயரில், ஈரவலயக் காட்டோடைகளில் எஞ்சியுள்ள பொக்னெரி போன்ற அருகிவரும் இனமொன்று பொதி செய்யப்பட்டால் சுங்க அதிகாரி என்ன செய்வார்? விலங்கினத் தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 முதல் உள்ளது. ஆயினும் இனம் இன்னதென நிரூபிக்க இயலாதவிடத்து எச்சட்டமும் ஏட்டுச் சுரைக்காயே.

இங்கேதான் பச்சையவுருமணி துணைக்கு வருகின்றது. ஒளித்தொகுப்பு நிகழும் இந்நுண்ணுறுப்புக்கு, கலத்தின் கருவிலுள்ளதற்குப் புறம்பாகச் சொந்த டீ.என்.ஏ. உண்டு. அது பெரும்பாலும் 120,000 முதல் 160,000 வரையான எழுத்துக்களைக் கொண்டது. 1986 இல் புகையிலையில் முழுமையாக வாசிக்கப்பட்டது. ஒரு கலத்தில் அதன் பிரதிகள் பல இருப்பதால் சிறு இலைத்துண்டே போதுமானது. 2009 இல் இரு பரம்பரையலகுகள் தாவரங்களின் பொது அடையாளமாகப் பரிந்துரைக்கப்பட்டன. நெருங்கிய உறவுடைய இனங்களைப் பிரிக்க அவை பலவேளைகளில் போதவில்லை. முழுத்தொகுதியையும் வாசிக்கையில் பரம்பரையலகுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளின் நுண்ணிய வேறுபாடுகளும் சாட்சிக்கு வருகின்றன. சீன ஆய்வாளர்கள் ஓர்க்கிட், கமேலியா முதலிய அலங்காரத் தாவரங்களில் இம்முறையைக் கையாண்டு வருகின்றனர்.

எனினும் இதனைச் சர்வரோக நிவாரணியாகக் கொள்ளலாகாது. பூக்கும் தாவரங்களுள் பெரும்பாலானவற்றில் பச்சையவுருமணி தாய்வழியே மாத்திரம் வருகின்றது. கலப்பினத்தின் தந்தை யாரென அது கூறாது. சந்தையிலுள்ள வில்லிசியி ஒரு கலப்பினமெனக் கருதப்படுவதால், அத்தகையவற்றில் கருவின் டீ.என்.ஏ.யையும் ஆராய வேண்டும். செடி பண்ணையில் வளர்ந்ததா, ஓடையில் பிடுங்கப்பட்டதா என்பதையும் இச்சோதனை மட்டும் தீர்மானிக்காது.

அனைத்துக்கும் மேலாக, ஒப்பிடுவதற்கு உறுதியான மாதிரி இல்லாவிடின் எந்தச் சோதனையாலும் பயனில்லை. பேராதனையில் தேசிய உலர்தாவரக் களஞ்சியம் இருக்கின்றது. பல்கலைக்கழகங்களில் ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. உள்நாட்டு இனங்கள் ஒவ்வொன்றினதும் மலருடன் கூடிய மாதிரியை உறுதிப்படுத்தி, அதன் தொகுதியை வாசித்து, சுங்கத் திணைக்களம் பயன்படுத்தத்தக்க பதிவேடாக வைத்தல் அவசியமாகும். நேர்மையான ஏற்றுமதியாளருக்கும் அதுவே பாதுகாப்பு. நமது ஓடையில் வளரும் செடியின் அடையாளத்தை அந்நிய நாட்டு ஆய்வுகூடத்திடம் கேட்டறியும் நிலைக்கு நாம் ஆளாகக் கூடாது. ஓடைகள் வறிதாகிய பின்னர் எழுதப்படும் பதிவேடு வெறும் மரணச் சான்றிதழாகவே அமையும் என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் மனங்கொள்வார்களாக.