வலையட்டையின் தனித்திறன்

கணிப்பொறியை வலையோடு இணைக்கும் அட்டைகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோற் காணப்படினும், ஒவ்வொன்றும் தனக்கே உரிய சில திறன்களை உடையது. அத்திறன்களை இயக்கி மென்பொருள் பயனருக்குத் திறந்து காட்டவேண்டுமா, அன்றி எல்லா அட்டைகட்கும் பொதுவானவற்றை மட்டும் காட்டி ஏனையவற்றை மறைத்துவிட வேண்டுமா என்னும் வினாவைச் சிறிது ஆராய்வாம்.

முற்றும் மறைத்தல் தகாது. ஈத்தர்நெட் வலையில் ஒரு பொதி வழக்கமாக 1500 பைட்டு அளவே தாங்கும். பெரியதொரு தரவை அவ்வளவினவாகத் துண்டித்தலும், துண்டுதோறும் தலைப்பும் செக்சமும் அமைத்தலும் முன்பு மையச் செயலியின் கடமையாயிருந்தன. பின்வந்த அட்டைகள் 64 கிலோபைட்டு வரையிலான தரவை ஒருங்கே பெற்றுத் தாமே துண்டிக்கும் ஆற்றல் பெற்றன. இயக்கி அதனை வெளியிடாதிருப்பின், விலைகொடுத்து வாங்கிய ஆற்றல் வீணாய்க் கிடக்குமன்றோ?

ஆயின், ஒவ்வொரு நிறுவனமும் தான் விரும்பிய பெயரிட்டுத் தனிவாயில் அமைக்குமாயின் வேறொரு கேடு விளையும். அட்டையை மாற்றுந்தோறும் நிர்வாகி புதிய கட்டளைகளைப் பயில வேண்டும். ஓரட்டைக்கென எழுதிய நிரல் மற்றோரட்டையில் ஓடாது. வாங்கியவர் விற்றவர்க்கு அடிமையாவர். மேலும், ஒருமுறை திறந்த வாயிலை நம்பிப் பல நிரல்கள் எழுந்துவிடுதலின், பின்னர் அதனை அடைத்தலும் எளிதன்று.

லினக்ஸ் கெர்னலை ஆக்குவோர் இவ்விரண்டிற்கும் இடையே ஒரு நெறி கண்டனர். பல அட்டைகட்குப் பொதுவான திறன்களை ஈத்டூல் என்னுங் கருவி பொதுப்பெயரால் இயக்கவும் நிறுத்தவும் உதவுகின்றது. ஓரட்டைக்கே உரியவற்றிற்குத் தனிக்கொடிகள் என்னும் சிறுவாயிலும் அதன்கண் உண்டு. 2016-ஆம் ஆண்டு 4.6-ஆம் பதிப்பில் தோன்றிய டெவ்லிங்க்கும் பின்னர்ப் பொது அளவுருக்களோடு இயக்கிக்கே உரிய அளவுருக்களையும் ஏற்றது. எனினும் எல்லாத் திறனுக்கும் அவர்கள் இடங்கொடுத்திலர். டிசிபி முழுவதையும் அட்டையே நடத்தும் முறையைச் சேர்க்குமாறு 2005-ஆம் ஆண்டு ஒரு நிறுவனம் வேண்டியபோது மறுத்தனர். அட்டையினுள் உறையும் பிழையைத் தாம் திருத்த இயலாமையும், கெர்னலின் வடிகட்டிகளைத் தரவு கடந்து சென்றுவிடுதலும் அம்முறையின் குறைகளாம்.

எமது கருத்து இது: புதிய திறன் தோன்றியவுடன் தனிவாயிலில் வெளியிடுக; அதன் பயனையும் எல்லையையும் ஆவணத்தில் விளங்க எழுதுக; வேறொரு நிறுவனத்தின் அட்டையும் அதே திறனைப் பெற்றவழி, அதனைப் பொதுப்பெயருக்கு மாற்றுக. பொதுப்பெயர் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டுமென்பார் புதுமையைத் தடுப்பர். தனிவாயிலே நிலைபெறுக என்பார் பயனரைப் பிணிப்பர். பொதுவிதியோடு சிறப்புவிதியும் புறனடையும் பயிலும் எமக்கு இம்முறை புதிதன்று. புறனடை இல்லாத இலக்கணம் வழக்கைத் தழுவாது. புறனடையே பெருகியது இலக்கணமாகாது. நாளை இயக்கி எழுதப்போகும் எம் கல்லூரித் தோழர்கள் இதனை நினைவிற் கொள்வாராக.